அடுத்த பார்ட்டி

ஈஜிபுரா, பெங்களூர் 47
8 ஜூன் 2025, ஞாயிறு

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள பிலோமினாவுக்கு,

சவரிமுத்து எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. சண்டை போட எழுதவில்லை. ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. போனில் கேட்கலாம் என்றால் நீ எடுத்தாலும் எனக்குக் கேட்காது. இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் முப்பத்து மூன்று வருஷம் நின்ற காது. வலது சுத்தமாகப் போய்விட்டது, இடதில் போனை வைத்தால் ஈ பறக்கிற சத்தம்தான் வருகிறது. மெசேஜ் என்றால் எனக்குத் தட்டத் தெரியாது, உனக்குப் பார்க்கத் தெரியாது.

விஷயம் இதுதான். இந்த வீட்டு லீஸ் ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு முடிகிறது. மேற்கொண்டு இருக்கிறோமா, இல்லை பதிமூன்று லட்சத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு காலி செய்கிறோமா என்று இரண்டு மாதம் முன்னாலேயே ஓனரிடம் சொல்லிவிட வேண்டும். போன தடவை உன்னைக் கேட்காமல் செய்தேன். இந்தத் தடவை நீ என்ன சொல்கிறாயோ அதுதான்.

ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன், கோபப்படாதே. நீ வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போய் வருவதற்குள் வீட்டை மாற்றிவிட்டால் சந்தோஷப்படுவாய் என்றுதான் நினைத்தேன். இருபத்திரண்டு வருஷம் ஒரே ரூமில் இருந்தவள் நீ. நாலு குடித்தனத்துக்கு ஒரு பாத்ரூம். முழங்கால் வலியோடு வாளியை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பாய். ரிட்டயர் ஆன பணம் கையில் வந்தது. பென்ஷன் மாதம் மூவாயிரத்து நூற்று நாற்பது, அந்த ஒரு ரூமுக்கே வாடகை ஒன்பதாயிரம். லீஸ் என்றால் ஓனரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு வருஷம் வாடகையே இல்லாமல் இருக்கலாம். முடிந்ததும் கொடுத்தது அப்படியே திரும்பி வரும், வட்டி மட்டும்தான் போகும். எனக்கு அது நல்ல கணக்காகப் பட்டது. நீ ஆட்டோவிலிருந்து இறங்கினாய். வீட்டைக்கூடப் பார்க்கவில்லை. "எவ்ளோ குடுத்தீங்க?" என்று கேட்டாய். சொன்னேன். அதற்கப்புறம் பத்தொன்பது நாள் என்னோடு பேசவில்லை. இருபதாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்பாடிக்கு ரயில் ஏறிவிட்டாய்.

எனக்கு இன்னும் நாலரைக்கு முழிப்பு வந்துவிடுகிறது. முதல் ஆறு மாதம் எழுந்து கம்பெனி பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போவேன். பஸ் போனதும் திரும்பி வருவேன். பழைய ஆட்கள் ஜன்னலிலிருந்து கையை ஆட்டுவார்கள். அப்புறம் வெட்கமாகி விட்டுவிட்டேன். இப்போது காலையில் கோரமங்களாவில் ஒரு ஹார்டுவேர் கடையில் நட்டு, போல்ட் பிரித்துக் கொடுக்கிறேன், ஆறாயிரம் தருகிறார்கள். மத்தியானம் வந்து சோறு வடிக்கிறேன். மீன் வாங்குவதில்லை, கழுவ அலுப்பு.

பதில் போடு. ஒரு வரியானாலும் போடு.

சவரிமுத்து


வேலூர்
16 ஜூன் 2025

உங்களுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

நல்ல கணக்காகப் பட்டதா? சரி. என் கணக்கையும் கேளுங்கள். கல்யாணமான மாதத்திலிருந்து சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து என் கையில் கொடுத்த மனுஷன் நீங்கள். கவர் போய் பேங்க் வந்தபோது ஏ.டி.எம். கார்டை என்னிடம் கொடுத்தீர்கள். டீக்குப் பத்து ரூபாய் வேண்டும் என்றால்கூட என்னைக் கேட்பீர்கள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் உங்களைக் கேலி செய்தார்கள், எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு பெருமை தெரியுமா? அப்படிப்பட்டவர், ஆயுசில் ஒரே ஒரு தடவை பெரிய பணம் வந்தபோது என்னைக் கேட்கவில்லை. பதினோரு நாள் பொறுக்க முடியவில்லை. நான் என்ன அமெரிக்காவா போயிருந்தேன்?

போஸ்ட் ஆபீசில் நான் விசாரித்து வைத்திருந்தேன். சீனியர் சிட்டிசன் திட்டம். பதிமூன்று லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இருபத்தாறாயிரத்து அறுநூற்று ஐம்பது. ஃபாரம்கூட வாங்கி பைபிளுக்குள் வைத்திருந்தேன், ஊரிலிருந்து வந்து உங்களிடம் கையெழுத்து வாங்கலாம் என்று. நமக்குப் பிள்ளையா குட்டியா? நாளைக்கு நீங்களோ நானோ படுத்தால் கஞ்சி ஊற்றப்போவது அந்தப் பணம்தான். அதைக் கொண்டுபோய் முன்பின் தெரியாத ஒருவன் கையில் கொடுத்துவிட்டு வந்து, வீடு எப்படி இருக்கிறது என்று சிரித்தீர்கள்.

இப்போது கேட்டீர்கள் அல்லவா, அதனால் சொல்கிறேன். காலி செய்கிறோம் என்று சொல்லுங்கள். பணத்தை முழுசாக வாங்குங்கள். வாங்கி அந்தத் திட்டத்தில் போட்டுவிட்டுச் சொல்லுங்கள், நான் வருகிறேன். அதுவரைக்கும் அந்த வீட்டு வாசல்படியை மிதிக்க மாட்டேன். இது சத்தியம்.

மீனைக் கடைக்காரனையே கழுவித் தரச் சொல்லலாம். இருபது ரூபாய் கேட்பான், கொடுங்கள்.

பிலோமினா


ஈஜிபுரா
29 ஜூன் 2025, ஞாயிறு

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள பிலோ,

'நான் வருகிறேன்' என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். மீன் வாங்கினேன். கழுவித் தந்தான். குழம்பு நாசமாகிவிட்டது, ஆனாலும் சாப்பிட்டேன்.

ஓனரிடம் சொல்லியாயிற்று. நோட்டீஸ் மாதிரி எழுதிக் கையில் கொடுத்து, காப்பியில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். நீ சொல்லிக் கொடுக்காமலேயே செய்தேன், பார்த்துக்கொள். அவர் என் காதுக்குள் வந்து கத்தினார்: "டென்ஷன் மாட்பேடி, கவலப்படாதீங்க சாரே! அடுத்த பார்ட்டி வரட்டும், அவங்க துட்டு வந்த அன்னிக்கே ஒங்க துட்டு ஒங்க கையில." நான் கொடுத்த துட்டு எங்கே என்று கேட்டேன். சிரித்தார். இங்கே எல்லா லீஸ் வீடும் இப்படித்தானாம். வருகிறவன் பணத்தை வாங்கிப் போகிறவனுக்குக் கொடுப்பார்கள், ஓனர் கையில் ஒன்றும் இருக்காது. நீங்களும் ஒரு பார்ட்டியைப் பிடித்து வாருங்கள், சீக்கிரம் முடியும் என்றார்.

அதைக் கேட்டதும் எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. இந்த வீட்டை நான் பார்க்க வந்தபோது இருந்தவர் எனக்குக் காபி கொடுத்து, தண்ணீர் நல்லா வரும், காற்று நல்லா வரும் என்று வீட்டைச் சுற்றிக் காட்டினார். ஓனரை விட அவர்தான் அவசரப்பட்டார். அவர் வாங்கிக்கொண்டு போனது என் பணத்தைத்தான். பரவாயில்லை, பணம் வந்தால் சரி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒன்று சொல்லட்டுமா? நீ பக்கத்தில் இருந்தவரைக்கும் எனக்குக் காது கேட்காதது பெரிதாகத் தெரியவில்லை. உன் வாயைப் பார்த்தாலே நீ என்ன சொல்கிறாய் என்று புரிந்துவிடும். மற்றவர்கள் சொல்வதையும் நீதான் திரும்பச் சொல்வாய். நீ போனபிறகு நிஜமாகவே செவிடாகிவிட்டேன் பிலோ. கடைக்காரன் ஒன்று கேட்டால் நான் ஒன்று சொல்கிறேன், பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரிக்கிறார்கள். ரிட்டயர் ஆனதும் நாம் இரண்டு பேரும் காலையில் நிதானமாக உட்கார்ந்து காபி குடிக்கலாம் என்று எத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு நாள்கூடக் குடிக்கவில்லை.

சவரி


வேலூர்
10 ஜூலை 2025

அன்புள்ளவருக்கு,

குழம்பில் புளியைக் கரைத்து ஊற்றியபிறகு மீனைப் போட்டுக் கரண்டியால் கிண்டியிருப்பீர்கள். மீனைக் கிண்டக் கூடாது. சட்டியைப் பிடித்து ஆட்ட வேண்டும். முப்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துமா தெரியவில்லை?

நீங்கள் உங்கள் கதையைச் சொன்னீர்கள், நான் என் கதையைச் சொல்லவே இல்லை. சிஸ்டர்கள் நடத்துகிற இந்த ஹாஸ்டலில் நூற்றுப் பதினெட்டுப் பெண்கள். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் என் பொறுப்பு, சாவி என் இடுப்பில்தான். என்னை மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள். ஒன்பதாயிரத்து ஐநூறு சம்பளம், சாப்பாடு, ஒரு ரூம். கட்டில், ஃபேன், எல்லாம் உண்டு. பாத்ரூம் உள்ளேயே இருக்கிறது, வரிசையில் நிற்க வேண்டாம். திட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. இந்தப் பெண்களைத் திட்டினால் "ஸாரி ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். உங்களைத் திட்டினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அரை நாள் இருப்பீர்கள், அது மாதிரி வருமா?

ஒன்றே முக்கால் லட்சம் சேர்த்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்று இருந்தேன். இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

நான் போட்டிருக்கிற கணக்கு: போஸ்ட் ஆபீஸ் வட்டி மாதத்துக்கு எட்டாயிரத்து எண்ணூறு வாக்கில் வரும். பென்ஷன் மூவாயிரம். நீங்கள் கடைக்குப் போவது ஆறாயிரம். நான் அங்கேயே ஏதாவது ஒரு ஹாஸ்டலில் பகலில் மட்டும் பார்த்துக்கொள்வேன். விவேக் நகர் பக்கம் ஒரு ரூம், கிச்சன், உள்ளே பாத்ரூம், கீழ்த்தளமாக இருக்கட்டும். படி ஏறினால் எனக்கு முட்டி பிடிக்கிறது. பணம் வந்ததும் முதலில் உங்களுக்குக் காது மிஷின். இதில் பேச்சே கிடையாது.

காட்பாடியிலிருந்து பெங்களூருக்கு நாலு மணி நேரம். இரண்டு வருஷமாக அந்த நாலு மணி நேரத்தை நான் தாண்டவில்லை. என் வீம்பை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. செப்டம்பரில் என் இடத்துக்கு வேறு ஆள் பாருங்கள் என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். பார்ட்டி கிடைத்தாரா?

பிலோமினா


ஈஜிபுரா
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பிலோ,

கெட்ட சேதி. உட்கார்ந்துகொண்டு படி.

வியாழக்கிழமை கடையிலிருந்து வந்தால் கேட்டில் ஒரு பேப்பர் ஒட்டியிருந்தது. இங்கிலீஷும் கன்னடமும். சீல் வைத்திருந்தது. கீழ்வீட்டில் மகா என்று ஒரு பெண் இருக்கிறாள், கம்ப்யூட்டர் வேலை, அவளும் லீஸ்தான். நல்ல பெண். எனக்காக அதை மொபைலில் படம் பிடித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். இந்தக் கட்டிடத்தின் பேரில் ஓனர் பேங்கில் ஒன்றரைக் கோடி வாங்கியிருக்கிறார். இரண்டு வருஷமாகக் கட்டவில்லை. அறுபது நாளில் கட்டாவிட்டால் பேங்க் கட்டிடத்தை எடுத்துக்கொள்ளும். "அங்கிள், நம்ம அக்ரிமென்ட்லாம் பேங்க் கண்ணுக்குத் தெரியாது. அவங்க வந்தா நாம வெளிய" என்று கடைசியில் எழுதியிருந்தாள்.

நாலு மணிக்கு ஓனர் வந்து அந்தப் பேப்பரைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "பழைய லோன் சாரே, மேட்டர் முடிஞ்சிச்சு, நீங்க பார்ட்டியப் பாருங்க" என்றார். அவர் வாய் மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது.

பணத்தைக் கொடுக்கும் முன்னால் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். நீ சொல்லவே நான் விடவில்லை. செருப்பால் அடி என்னை.

சவரி


வேலூர்
17 ஆகஸ்ட் 2025

உங்களை அடித்து என்ன ஆகப்போகிறது. அழுது முடித்துவிட்டேன். இனிமேல் கேளுங்கள். பேங்க் வருவதற்குள் யாராவது ஒரு பார்ட்டி வந்துவிட்டால் பணம் கைக்கு வந்துவிடும் அல்லவா? எப்படியாவது பிடியுங்கள். கோயிலில், கடையில், யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு நிற்காதீர்கள். இங்கே என் வேலைக்கு ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டார்கள். அடுத்த மாதம் வருகிறாள். சிஸ்டர், "நீங்க இருக்கறதா இருந்தா இப்பவே சொல்லுங்க பிலோமினா" என்கிறார். என்ன சொல்லட்டும்?

பி.


ஈஜிபுரா
24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள பிலோ,

பார்ட்டி கிடைத்துவிட்டது. அதைச் சொல்லும்போது சந்தோஷமாக இருக்க வேண்டும். எனக்கு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இன்று பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றினேன், கதவு ஆடியது. தட்டுவது கேட்காது, கதவு ஆடினால் தெரியும். ஓனர் ஒரு அம்மாவோடு நின்றார். வீட்டைக் காட்டச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்த அம்மா பெயர் சின்னத்தாயி. சொந்த ஊர் ஆம்பூர் பக்கம், பிறந்ததிலிருந்து அல்சூரில்தான். ஒரு ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் ஆயா வேலை பார்த்து மார்ச்சில் ரிட்டயர் ஆகியிருக்கிறாள். வீட்டுக்காரர் இல்லை. எனக்குக் காது கேட்காது என்று சைகை காட்டினேன். அவ்வளவுதான், பக்கத்தில் வந்து என் இடது காதில் கத்த ஆரம்பித்தாள். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"பதினாலு லட்சம் வந்துச்சுண்ணா! பதிமூணு இதுக்கு! ஒரு லட்சத்த கையில வச்சிக்கினு, பென்ஷன்ல துன்னுக்குவேன்!" என்றாள். அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்து பார்த்தாள். சுவரைத் தடவினாள். "தண்ணி வருதாண்ணா? ஓனரு நல்ல மனுசனா?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. போகும்போது சொன்னாள், "இனிமே அஞ்சாம் தேதி வாடகைன்னு ஒருத்தன் வந்து கதவத் தட்ட மாட்டான் இல்ல. சாவற வரைக்கும் அது போதும்ண்ணா."

நான் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன் பிலோ. டம்ளரைக் கொடுக்கும்போது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு எனக்குக் காபி கொடுத்தாரே, அவரும் அப்படித்தான் டம்ளரை நீட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு செக்கோடு வருகிறாள். ஓனர் அவள் செக்கை அப்படியே எனக்குத் திருப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். வாயை மூடிக்கொண்டிருந்தால் பதிமூன்று லட்சம் வரும், நீ வருவாய். சொன்னால் இரண்டும் இல்லை. நான் என்ன செய்யட்டும்? கேட்காமல் செய்ய மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். உடனே பதில் போடு, ஸ்பீட் போஸ்டில் போடு.

சவரி


வேலூர்
28 ஆகஸ்ட் 2025, வியாழன்

என்னங்க,

இன்று பகல்தான் கிடைத்தது. அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து சரியாக வராது.

சொல்லாதீர்கள்.

இது பாவம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். பாவசங்கீர்த்தனத்தில் நான் சொல்லிக்கொள்கிறேன், சாமியார் எனக்குத்தான் அபராதம் கொடுக்கட்டும், உங்களுக்கு ஒன்றும் வேண்டாம். நீங்கள் ஒன்றும் பொய் சொல்ல வேண்டாம், பேசாமல் இருந்தால் போதும். செவிடனுக்குப் பேசாமல் இருக்கத் தெரியாதா? அவளுக்கு விசாரித்துக்கொள்ள வாய் இல்லையா? நமக்கு யார் சொன்னார்கள்? காபி கொடுத்தவர் சொன்னாரா?

எனக்கு ஐம்பத்தேழு வயது. உங்களுக்கு அறுபத்திரண்டு. இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? போன மாதம் ஒரு ராத்திரி நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஒன்றும் இல்லை, வாயு. ஆனால் கட்டிலில் உட்கார்ந்து நான் நினைத்தது என்ன தெரியுமா? இப்போது நான் செத்தால் இந்த மனுஷனுக்கு யாராவது போன் பண்ணுவார்கள், அவருக்கு என்னவென்றே கேட்காது. அதை நினைத்துத்தான் அழுதேன். எனக்கு உங்களோடு இருக்க வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும். அதற்கு யார் எக்கேடு கெட்டால் எனக்கென்ன?

வாயை மூடிக்கொண்டு பணத்தை வாங்குங்கள். வாங்கிக்கொண்டு என்னைக் கூப்பிட வாருங்கள்.

உங்கள் பிலோமினா


ஈஜிபுரா
30 ஆகஸ்ட் 2025, சனி

அன்புள்ள பிலோ,

உன் பதில் இன்னும் வரவில்லை. வருவதற்குள் காரியம் நடந்துவிட்டது.

ஞாயிறு வருவதாகச் சொன்னவள் நேற்றே வந்துவிட்டாள். கையில் மஞ்சள் பை, அதில் செக் புக்கும், ஒரு அளவு டேப்பும். பீரோ நிற்குமா என்று அளந்து பார்க்க வந்தாளாம். டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துச் சுவரோரம் பிடிக்கச் சொன்னாள். நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அந்தப் பக்கம் குனிந்து இஞ்சு பார்க்கிறாள். எனக்கு அதற்குமேல் முடியவில்லை பிலோ. டேப்பை விட்டுவிட்டேன். மகா எழுதிக் கொடுத்த தாளை எடுத்து நீட்டினேன். படிக்கத் தெரியாது என்றாள். அதனால் என் வாயாலேயே சொல்ல வேண்டியதாகிவிட்டது. லோன், நோட்டீஸ், ஓனர் கிழித்தது எல்லாம். அவள் செக் எனக்குத்தான் வரும் என்பதையும் சொன்னேன்.

கும்பிடுவாள் என்று நினைத்தால் நீ ஏமாந்தாய், நானும் ஏமாந்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டு என்னைத் திட்டினாள். "அட பாவி மனுசா! அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? அட்வான்ஸு திரும்ப வாங்கிக்கினு இருந்த வூட்டக் காலி பண்றேன்னு சொல்லிட்டேனே! ரெண்டு நாள்ல பொட்டி படுக்கையத் தூக்கிக்கினு எங்கயா போவேன்?" என் முகத்துக்கு நேராகக் கத்தினாள், ஒரு வார்த்தைகூட விடாமல் கேட்டது. ஒரு வாரம் நான் சும்மா இருந்தது அவளுக்கு எவ்வளவு பெரிய கேடு என்று அப்போதுதான் உறைத்தது. உன் பதிலுக்காகத்தான் இருந்தேன் என்று அவளிடம் சொல்ல முடியுமா? கேட் வரைக்கும் போனவள் திரும்பி ஏதோ சொன்னாள். வெயில் கண்ணில் அடித்தது, அவள் வாய் தெரியவில்லை. நல்லதா கெட்டதா, தெரியாது.

சாயங்காலம் ஓனர் வந்தார். அவளே அவரிடம் போய்ச் சண்டை போட்டிருக்கிறாள். "இனிமே ஒனக்கு துட்டும் இல்ல, ஒன்னும் இல்ல. கோர்ட்டுக்குப் போ" என்றார். மகா நாலு லீஸ் வீட்டுக்காரர்களையும் சேர்த்து ஒரு வக்கீலிடம் போயிருக்கிறாள். நானும் கையெழுத்துப் போட்டேன். யாரும் சாவியைக் கொடுக்காதீர்கள், உள்ளேயே இருங்கள், கேஸ் வருஷக்கணக்கில் ஆகும் என்றாராம் வக்கீல். கிடைக்கும் என்று அவரும் சொல்லவில்லை.

பிலோ, நீ சத்தியம் செய்திருக்கிறாய். நான் உன்னை வா என்று கூப்பிட மாட்டேன். சிஸ்டரிடம் வேலையில் இருக்கிறேன் என்று சொல்லிவிடு. அங்கே கட்டில் இருக்கிறது, சோறு இருக்கிறது. முடிந்தால் மாதம் ஒரு கடிதம் போடு. உனக்கு நான் எதையும் சம்பாதித்து வைக்கவில்லை. வைத்திருந்ததையும் இரண்டு தடவை தொலைத்தேன்.

சவரிமுத்து


வேலூர்
4 செப்டம்பர் 2025, வியாழன்

என்னங்க,

இதற்குள் என் கடிதம் உங்களுக்குக் கிடைத்திருக்கும். படித்திருப்பீர்கள். கிழித்துப் போடுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது நான்தான். அன்றைக்கு நீங்கள் என் பக்கத்தில் இருந்திருந்தால் உங்கள் வாயைக் கையால் பொத்தியிருப்பேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. முதல் தடவை கேட்காமல் கொடுத்தீர்கள், இந்தத் தடவை கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் விட்டீர்கள். முப்பது வருஷமாக டீக்குக் காசு கேட்ட மனுஷன், பதிமூன்று லட்சம் என்றால் மட்டும் என்னைக் கேட்பதே இல்லை. ஸ்டோர் ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உங்களைத் திட்டினேன், வாய்விட்டு, உங்கள் அம்மா வரைக்கும்.

அப்புறம் ஒன்று தோன்றியது. என் பதில் ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் நீங்கள் பேசாமல் இருந்திருப்பீர்கள். நான் சொன்னால் நீங்கள் கேட்பீர்கள், அது எனக்குத் தெரியும். அந்தப் பணத்தைப் போஸ்ட் ஆபீசில் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்திருப்போம். ஒரு தடவையாவது நீங்கள் என் முகத்தைப் பார்த்திருப்பீர்களா? டம்ளரைக் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிற புருஷனோடு நான் எதற்குக் குடித்தனம் நடத்த வேண்டும்? தபால்காரன் பிந்தி வந்தானே, அவன் நன்றாக இருக்கட்டும்.

சிஸ்டரிடம் நேற்றே சொல்லிவிட்டேன், போகிறேன் என்று. "பணம் வந்துடுச்சா பிலோமினா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்புறம் எதை நம்பி போறீங்க?" என்றார். சாவியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். சத்தியம் செய்தது நான், உடைப்பதும் நான். அதைக் கடவுளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

ஒன்றே முக்கால் லட்சம் கொண்டு வருகிறேன். அதை உங்கள் கையில் கொடுக்க மாட்டேன், ஆசைப்படாதீர்கள். பேங்க் வந்து வீட்டைப் பூட்டுகிற அன்றைக்கு அது ஒரு ரூமுக்கு அட்வான்ஸ் ஆகும். அதுவரைக்கும் அந்த வீட்டில் இருப்போம். வக்கீல் உள்ளேயே இருக்கச் சொன்னார் அல்லவா, ஒருவர் இருப்பதற்கு இரண்டு பேராக இருப்போம். வந்ததும் சின்னத்தாயி எங்கே போனாள் என்று அல்சூரில் விசாரிக்க வேண்டும். இரண்டு அறை இருக்கிறதே, அவளுக்கு இடம் கிடைக்கும் வரைக்கும் ஒன்றில் இருந்துகொள்ளட்டும். நீங்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டீர்கள். சொன்னாலும் இந்தத் தடவை நான் உங்களைக் கேட்கப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயில். பத்தரை வாக்கில் கண்டோன்மென்டில் இறங்குவேன். இது அதற்குள் கிடைத்தால் வாருங்கள், கிடைக்காவிட்டால் வழி எனக்குத் தெரியும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். எழுதினாலும் வாங்குவதற்கு நான் இங்கே இருக்க மாட்டேன்.

பிலோமினா